யானை கட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு



ஏறாவூரிலும் மன்னார்ப் பக்கத்திலும் யானை பிடிக்கும் பணிக்கர் குடும்பங்களில் பிறந்தவர்களே, தலச்சேரியிலும் கண்ணூரிலும் ‘சர்க்கஸ்காரர் வீடு’ என்று அடையாளம் சொல்லப்படும் வீடுகளில் வளர்ந்தவர்களே, அப்பா யானைக்காரர் என்பதால் கூடாரம் போன ஊருக்கெல்லாம் கூடவே போய் வளர்ந்த பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால், ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1851ஆம் ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே வீதியில் பத்து யானைகள் ஜோடி ஜோடியாக ஒரு ரதத்தில் பூட்டப்பட்டு ஊர்வலமாகப் போயின. அத்தனையும் இலங்கைக் காட்டிலிருந்து போனவை. வரவழைத்தவர் பி. டி. பார்னம். பின்னாளில் உலகமே அறிந்த சர்க்கஸ் முதலாளி. அந்தக் கதையைத் தன் சுயசரிதையில் அவரே விவரமாக எழுதியிருக்கிறார். 1850 மே மாதம் ‘ரிகாட்டா’ என்ற கப்பல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. கப்பல் தலைவர் பெயர் பிராட். யானை வாங்க அனுப்பிய ஏஜென்டுகள் ஜூன், நட்டர் என்ற இருவர். வரும் வழியில் தீனி வேண்டுமே என்று, போகும்போதே 500 டன் காய்ந்த புல்லைச் செயின்ட் ஹெலினா தீவில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். கொழும்பிலும் கண்டியிலும் கேட்ட அளவுக்கு யானை விலைக்குக் கிடைக்கவில்லை. உடனே உள்ளூர் ஆட்கள் 160 பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். அநுராதபுரத்துக்குப் பக்கத்தில், பழக்கிய யானைகளை வைத்துக் காட்டு யானைக் கூட்டத்தைப் பட்டிக்குள் விரட்டினார்கள். பதின்மூன்று யானைகள் பிடிபட்டன. அவை போக ஒரு தாயும் அதன் ஆறு மாதக் கன்றும். அந்த வேட்டையில் ஏஜென்டுகள் சுட்டுக் கொன்ற யானைகளும் ஏராளம் என்று பார்னம் கூச்சமே இல்லாமல் எழுதுகிறார். நியூயார்க் போய்ச் சேர்ந்தவை பத்து. மிச்சத்தை நாம்தான் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலின் பெயர் இருக்கிறது, புல்லின் எடை இருக்கிறது, ஏஜென்டுகளின் பெயர் இருக்கிறது. காட்டுக்குள் உயிரைப் பணயம் வைத்த 160 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் சிங்களவரா, தமிழரா, முஸ்லிம்களா என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. யானைகளை மேய்க்கத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கப்பலிலேயே நியூயார்க் வரை போனார். அவரைப் பற்றி இருப்பதும் ‘ஒருவர்’ என்ற அளவுதான். மாதக்கணக்கில் கடலில், ஆடுகிற கப்பலில், சங்கிலியில் கட்டிய பத்துக்கு மேற்பட்ட புது யானைகளுக்கு நடுவில் அந்த மனிதர் எப்படித் தூங்கினார்? நியூயார்க்கின் முதல் பனிக்காலத்தை எந்தப் போர்வையில் கழித்தார்? ஊருக்குத் திரும்பினாரா? இலங்கையில் ஏதோ ஒரு வீட்டில், ‘எங்கள் முப்பாட்டனின் தகப்பன் யானையோடு கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை’ என்று ஒரு பேச்சு இன்னமும் இருக்கக்கூடும். அந்தப் பேச்சைத் தேடித்தான் இந்த மடலையே எழுதத் தொடங்கினேன்.

நான்கு ஆண்டுகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றிக் காசு பார்த்தபின் அந்தக் கூட்டத்தைப் பார்னம் விற்றுவிட்டார். ஒரு யானையை மட்டும் வைத்துக்கொண்டார். பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ரயில் பாதை ஓரமாக இருந்த தன் நிலத்தில் அதை ஏர் உழ வைத்தார். எல்லாம் தன் அருங்காட்சியகத்துக்கு விளம்பரம். பாகனுக்குக் கீழைநாட்டு உடை உடுத்தி, கையில் ரயில் நேர அட்டவணையையும் கொடுத்துவிட்டார். ரயில் வரும் நேரம் பார்த்து யானையை ஏரில் பூட்டி ஓட்ட வேண்டும்; பயணிகள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். உழுத நிலத்தையே திரும்பத் திரும்ப உழுதது அந்த யானை. வேடம் கட்டிய அந்தப் பாகன் யார் என்பதும் எழுதப்படவில்லை. முதலாளியின் தந்திரம் மட்டும் நூற்றெழுபது ஆண்டுகளாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லப்படுகிறது.

பணிக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முன்னோர்களின் கைத்திறனைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரிகள் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களைச் சேர்ந்த பணிக்கர்கள், இரண்டே பேராகக்கூடப் போய், ஆயுதம் ஏதுமில்லாமல் ஒரு முழு வளர்ச்சி பெற்ற காட்டு யானையைப் பிடித்துவிடுவார்கள். கையில் இருப்பது மரை அல்லது எருமைத் தோலில் திரித்த ஒரு கயிறு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, யானையின் பின்னாலேயே சத்தமில்லாமல் ஒட்டி நடந்து, பின்னங்காலைத் தூக்கும் நொடியில் சுருக்கை மாட்டி, மறுமுனையைப் பக்கத்து மரத்தில் சுற்றிவிடுவார்கள். நொடி தப்பினால் உயிர் போய்விடும். ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிய போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இந்தத் தொழில்தான் அந்த வியாபாரத்தைத் தாங்கியது. ஆனையிறவு என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. இவ்வளவு பெரிய வித்தை தெரிந்தவர்கள், சர்க்கஸ் வரலாற்றில் ‘உள்ளூர் உதவியாளர்கள்’ ஆகிவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

பெயர் எழுதப்பட்ட பாகர்களின் கதி மட்டும் என்ன வாழ்ந்தது? உலகத்திலேயே அதிகம் எழுதப்பட்ட யானைகளில் ஒன்று ஜம்போ. சூடான் எல்லைப் பக்கத்தில் குட்டியாகப் பிடிபட்டு, பாரிஸ் வழியாக 1865இல் லண்டன் உயிரியல் பூங்காவுக்கு வந்த ஆப்பிரிக்க ஆண் யானை. அதை வளர்த்தவர் மேத்யூ ஸ்காட். பகலில் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சாதுவாக நடந்த யானை, இரவானால் கொட்டகைச் சுவரை இடித்தது, தந்தங்களை உடைத்துக்கொண்டது. ஸ்காட் போனால்தான் அடங்கும். மதம் பிடிக்கும் வயது நெருங்குகிறதே என்று பயந்த பூங்கா நிர்வாகம் 1882இல் 2,000 பவுனுக்கு அதைப் பார்னமிடம் விற்றது. பள்ளிப் பிள்ளைகள் விக்டோரியா ராணிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஸ்காட்டும் கூடவே கப்பலேறினார்.

1885 செப்டம்பர் 15 இரவு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் என்ற ஊர். ஆட்டம் முடிந்து, ஜம்போவையும் ‘டாம் தம்ப்’ என்ற சின்ன யானையையும் தண்டவாளத்தின் ஓரமாகத் தங்கள் பெட்டிக்கு நடத்திக்கொண்டு போகிறார் ஸ்காட். எதிர்பாராமல் ஒரு சரக்கு ரயில் வந்துவிட்டது. சின்ன யானைக்குக் கால் முறிந்தது. ஜம்போ செத்துப்போனது. ஸ்காட் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார் என்கின்றன அன்றைய செய்திகள். தோலைப் பாடம் செய்து ஊர் ஊராகக் காட்டினார் பார்னம். எலும்புக்கூட்டைத் தனியாகக் காட்டினார். தோல் பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1975இல் தீயில் எரிந்துபோனது. எலும்புக்கூடு நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. டேவிட் அட்டன்பரோ 2017இல் எடுத்த ஆவணப்படத்துக்காக அந்த எலும்புகளை ஆராய்ந்தார்கள். இருபத்துநான்கு வயது யானையின் இடுப்பிலும் முழங்காலிலும் நாற்பது ஐம்பது வயது யானைக்குரிய தேய்மானம் இருந்தது. கடைவாய்ப் பற்கள் கோணல்மாணலாக வளர்ந்திருந்தன. கிளையும் பட்டையும் மென்று தேய வேண்டிய பல், காய்ந்த புல்லும் பார்வையாளர் கொடுத்த பன்னும் தின்றே வளர்ந்ததால் வந்த வினை. அந்தப் பல்வலியில்தான் ராத்திரிகளில் அது சுவரை முட்டியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார்கள். இருபது ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்த ஸ்காட்டுக்கு அந்த வலியின் நேரம் காலம் எல்லாம் தெரிந்திருக்கும். மருந்துதான் தெரியவில்லை. அவர் 1914இல் பிரிட்ஜ்போர்ட்டின் ஏழைகள் இல்லத்தில் இறந்தார். ஜம்போவுக்குச் செயின்ட் தாமஸில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சிலை இருக்கிறது.

ஸ்காட் வெள்ளைக்காரர், தன் கதையைப் புத்தகமாகப் போடவும் முடிந்தது. எஃப் தாம்சன் என்ற கறுப்பினத்தவரின் கதை வேறு. மிச்சிகனிலிருந்து வந்து, ஆடம் ஃபோர்பா என்ற முதலாளியின் சர்க்கஸில் யானை பழக்கியவர். தும்பிக்கையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டி, மனிதனோடு சண்டை போடும் யானையை உருவாக்கியவர் அவர்தான். அடி வாங்கி விழுந்து விழுந்து பழக்கினார். பெயரையும் புகழையும் முதலாளியின் மகன் தட்டிக்கொண்டு போனான். தாம்சன் அமெரிக்காவே வேண்டாம் என்று ஐரோப்பாவுக்குப் போய், சொந்தமாக யானைகள் வைத்து, பெரிய பெயர் எடுத்து, 1909இல் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் காலமானார்.

அந்தக் குத்துச்சண்டை யானையையும் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். தடம் தேடுவது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1884இல் பார்னம் பர்மாவிலிருந்து ஒரு வெள்ளை யானையைக் கொண்டுவந்தார். போட்டிக்கு ஃபோர்பா, ‘டைனி’ என்ற சாதாரண யானைக்கு வெள்ளையடித்து ‘ஆசியாவின் ஒளி’ என்று பெயர் சூட்டிக் காட்டினார். குட்டு வெளிப்பட்டதும் ‘வெள்ளை யானை இறந்துவிட்டது’ என்று அறிவித்தார். யானை சாகவில்லை. வெள்ளையைக் கழுவிவிட்டு, அன்றைய குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவன் பெயரை வைத்துக் களத்தில் இறக்கினார்கள். வயதானபின் அதுவே ‘ஓல்ட் ஜான்’ என்று ரிங்லிங் சர்க்கஸில் மூட்டை முடிச்சு இழுத்தது. 1922இல் நியூயார்க்கிலிருந்து சோமர்ஸ் என்ற ஊருக்கு 53 மைல் நடந்து போய், அமெரிக்காவின் பழைய யானையான ‘ஓல்ட் பெட்’டின் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்தது. சர்க்கஸ் வரலாற்றைத் துருவிப் பார்த்தவர்கள் இவை எல்லாம் ஒரே யானை என்கிறார்கள். நான்கு பெயர், நடுவில் ஒரு பொய் மரணம். சுவரொட்டியை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் இது நான்கு யானைகளின் கதையாகியிருக்கும். எந்த ஆண்டில் எந்த ஆள் எந்த யானையோடு நின்றான் என்று பார்த்தால்தான் முடிச்சு அவிழும். யானைக்குப் பெயர் மாறும், முதலாளி மாறுவார், பிறந்த நாடுகூட விளம்பரத்துக்காக மாறும். கூட நின்ற மனிதனைப் பிடித்தால்தான் யானை அகப்படும்.

பிறந்த நாடு மாறும் என்று சொன்னது டாப்ஸியை நினைத்துத்தான். தென்கிழக்காசியாவில் பிடித்த குட்டியை ‘அமெரிக்காவில் பிறந்த முதல் யானை’ என்று அதே ஃபோர்பா விளம்பரம் செய்தார். 1902இல் ஒரு பார்வையாளரைக் கொன்றதால் அதைக் கோனி தீவுக்கு விற்றார்கள். அங்கும் தகராறு. 1903 ஜனவரி 4ஆம் தேதி 6,600 வோல்ட் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசன்தான் கொன்றார், மின்சாரப் போட்டியில் ஜெயிக்கக் கொன்றார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்தப் போட்டி பத்து ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது; படம் பிடித்தது எடிசனின் பெயர் தாங்கிய நிறுவனம், அவ்வளவே. பரபரப்பான அந்தப் பொய் பரவிய அளவுக்கு ஓர் உண்மை பரவவில்லை. டாப்ஸி சாகும் இடத்துக்குப் போகப் பாலம் தாண்ட மறுத்தது. அதன் பாகன் வில்லியம் ஆல்ட்டைக் கூப்பிட்டு, 25 டாலர் தருகிறோம், நீ நடத்தி வா என்றார்கள். ஆயிரம் டாலர் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆல்ட் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. குடிகாரர். யானையைக் குத்தித் துன்புறுத்தியவர் என்று புகார் உண்டு. அப்படிப்பட்டவரும் அந்தக் கடைசி நடைக்குக் கூட வரவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

டென்னசியில் மேரி என்ற ஆசிய யானையை 1916 செப்டம்பர் 13 அன்று ரயில்வே பாரந்தூக்கியில் தூக்கிலிட்டார்கள். முதல் சங்கிலி அறுந்து விழுந்தது, மறுபடி மாட்டினார்கள். முந்தின நாள் அது கொன்ற ரெட் எல்ட்ரிட்ஜ், வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்கூட ஆகாத ஆள். யானையோடு பழக்கமே இல்லாதவர் கையில் குத்துக்கோலைக் கொடுத்து மேலே ஏற்றிவிட்ட முதலாளிமேல் வழக்கு இல்லை. யானைக்குத் தூக்கு, கூலிக்காரனுக்குப் புதைகுழி. இதற்குமேல் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் பக்கம். 1884இல் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து 67 பேரையும் 25 யானைகளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். யானை வேலை காட்டும், பாகன் ஓட்டுவான், இருவரையும் ஒரே சீட்டில் பார்க்கலாம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1880இல், விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் இந்தியாவின் முதல் சர்க்கஸைத் தொடங்கியிருந்தார். அவருடைய கூடாரம் தலச்சேரிக்கு வந்தபோதுதான் கீலேரி குஞ்ஞிக்கண்ணனுக்குச் சர்க்கஸ் ஆசை பிடித்தது. 1901இல் சிறக்கரையில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து ஒரு தலைமுறையே கிளம்பியது. 1951இல் வந்த ஜெமினி சர்க்கஸின் சங்கரனும் அந்த மண்ணின் பிள்ளைதான். பார் விளையாடியவர்கள், ஊஞ்சலில் பறந்தவர்கள், புலி பழக்கியவர்கள் ஆகியோரைப் பற்றிக் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள். புனேயிலிருந்து அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை போன தாமு தோத்ரே, தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே விட்டுப் போனார். யானைக்காரர்கள்தான் விடுபட்டுப் போனார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். புலியோடு நிற்பவன் வீரன். யானையோடு நிற்பவன் சாணி அள்ளுகிறவன். ஆனால் கூடாரம் வந்து இறங்கியதும் கம்பம் நடுவது யானை, சேற்றில் மாட்டிய லாரியை இழுப்பது யானை, ஊருக்குள் விளம்பரத்துக்குப் போவது யானை. அப்புறம்தான் மாலையில் சிவலிங்கத்துக்குப் பூப்போடுவதும் கால்பந்து உதைப்பதும். இந்த வேலை அத்தனைக்கும் கூட நின்றவர் உங்கள் அப்பா.

அவருடைய நாள் விடிவதற்கு முன்னால் தொடங்கும். சாணி அள்ளி, ஓலை வெட்டி, ஊருக்கு வெளியே குளத்தைத் தேடிப் பிடித்துக் குளிப்பாட்டி, பாதத்தைத் தூக்கச் சொல்லி நகக்கண்ணில் சீழ் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, கன்னத்துப் பொட்டில் மதநீர் கசிகிறதா என்று முகர்ந்து பார்த்து வருவதற்குள் முதல் ஆட்டத்துக்கு மணி அடித்துவிடும். சோன்பூர்ச் சந்தையில் வாங்கிய யானைக்குப் பீகார்ப் பாகன் ஒரு மொழியில் பழக்கியிருப்பான். இங்கே வந்ததும் ‘இடத்தானே, வலத்தானே’ என்று மலையாளத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரைக்கும் பழைய பாகனும் புதுப் பாகனும் சேர்ந்தே தூங்குவார்கள். பிறகு ஒருநாள் பழைய பாகன் சொல்லாமல் ரயிலேறிவிடுவார். யானை இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காது. இப்படி ஒரு யானைக்கு எத்தனை பாகன், ஒரு பாகனுக்கு எத்தனை யானை! யாராவது கணக்கு வைத்திருந்தால் அது உங்கள் வீட்டுப் பெரியவர் மனசில்தான் இருக்கும்.

அந்தக் கணக்கு கைநழுவிக்கொண்டிருக்கிறது. 1998இல் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைச் சர்க்கஸில் பழக்கக் கூடாது என்று தடை போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யானை அந்தப் பட்டியலில் இல்லாததால் இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. அப்புறம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யத் தொடங்க, யானைகள் கூடாரத்தை விட்டுப் போயின. சில காப்பகங்களுக்குப் போயின. சில கை மாறின. அமெரிக்காவிலும் ரிங்லிங் சர்க்கஸ் 2016 மே மாதத்தோடு யானை ஆட்டத்தை நிறுத்திவிட்டது. தடை வந்தது சரி என்பதே என் கருத்து. அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. யானை போகும்போது அதோடு உரிமைச் சான்றிதழும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் போயின. பாகன் போகும்போது அவர் கையில் என்ன இருந்தது?

நான் கேட்க வந்ததை இப்போது கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய புகைப்படம் ஒன்றாவது இருக்கும். அப்பா நிற்பார், பக்கத்தில் பாதி யானை தெரியும். அந்தப் பாதி போதும். யானையின் காது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதம். மேல் ஓரம் முன்னால் மடிந்திருக்கிறதா, பின்னால் மடிந்திருக்கிறதா, கீழ் ஓரத்தில் கிழிசல் எந்த இடத்தில், காதிலும் தும்பிக்கையிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன, கால் நகம் மொத்தம் பதினெட்டா இருபதா, வால் நுனி முடி இருக்கிறதா, இல்லையா. வயதானால் மடிப்பும் புள்ளியும் கூடும். பழைய கிழிசல் அப்படியே இருக்கும். இருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே கிழிசலைக் கண்டால், பெயர் வேறாக இருந்தாலும் யானை ஒன்றுதான். ‘லட்சுமி’ என்று சொன்னால் எந்த லட்சுமி என்று யாருக்கும் தெரியாது. ‘இடது காது ஓரம் கிழிந்த லட்சுமி, அப்பா கூட நின்ற லட்சுமி’ என்றால் அது ஒரு உயிர்.

சிலருக்குத் தயக்கம் இருக்கும், எனக்குத் தெரியும். அப்பா அங்குசம் பிடித்தவர், இன்றைக்கு அதை வெளியில் சொன்னால் கொடுமைக்காரர் என்பார்களே என்ற பயம். அங்குசம் குத்தியது உண்மை. முன்னங்காலும் பின்னங்காலும் சங்கிலியில் மாட்டி இரவு முழுவதும் நின்றது உண்மை. கூடாரத்துக்குப் பின்னால் கட்டிய இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்த யானையைப் பார்த்து, ‘பாட்டுக்கு ஆடுது பார்’ என்று நாமெல்லாம் கைதட்டினோம். அது ஆட்டமில்லை, அடைபட்ட உயிரின் தவிப்பு. அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவர் உங்கள் அப்பா. மதம் பிடித்த யானையின் காலடியில் செத்த பாகர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு செய்தி மட்டும்தான். உங்கள் அப்பாவைத் தீர்ப்புச் சொல்லிக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் எழுதவில்லை. அவர் செய்ததும் அவர் பட்டதும் ஒரே தாளில் இருக்க வேண்டும். அவர் யானையை எப்படி அடக்கினார் என்று எழுதுங்கள். எந்தக் கூலிக்கு அடக்கினார், யார் சொல்லி அடக்கினார், ராத்திரி யாருக்கும் தெரியாமல் தன் சோற்றில் ஒரு உருண்டையை எதற்குக் கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றொன்றை மறைத்தால் பார்னம் எழுதிய கதைக்கும் நம் கதைக்கும் வித்தியாசம் இருக்காது.

அமெரிக்கச் சர்க்கஸ்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பயணக் குறிப்பேடு அச்சடித்தன. எந்த ஊரில் எந்தத் தேதி, மழையா வெயிலா, யானைக் கொட்டகையில் யார் யார் வேலை என்று அதில் இருக்கும். விஸ்கான்சினின் பரபூ, ஃபுளோரிடாவின் சரசோட்டா போன்ற ஊர்களில் இதற்கென்றே அருங்காட்சியகங்கள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதனால்தான் தாம்சனையும் ஆல்ட்டையும் இன்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது. நம்மிடம் அப்படிப்பட்ட ஏடு கிடையாது. இருப்பது நீங்கள்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்டாகிவிட்டது. முதல் யானையின் பெயர் என்ன, அதற்கு முந்தின பெயர் என்ன, எங்கே வாங்கினது, முன்னால் யார் பாகன், பின்னால் யார் கையில் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அவர் பேச்சை இடையில் திருத்தாதீர்கள்; தேதி தப்பாகச் சொன்னாலும் சொல்லட்டும், சரிபார்க்கிற வேலையை வேறு யாராவது செய்துகொள்ளலாம். கூடாரம் போட்ட ஊர்களின் பெயரை வரிசையாகக் கேளுங்கள், அந்தந்த ஊர்ப் பழைய செய்தித்தாள்களில் தேதி கிடைத்துவிடும். புகைப்படங்களின் பின்னால் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். சம்பளச் சீட்டு, ரயில் பாஸ், முதலாளிக்கு எழுதிய கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு பிரதியைச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ, இலங்கையில் நூலகம் நிறுவனத்திடமோ, உங்கள் ஊர் நூலகத்திலோ கொடுத்து வையுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் குடும்பச் சொத்து.

பெரியவர் ஏற்கெனவே போய்விட்டாரென்றால், அவரோடு வேலை பார்த்தவர் யாராவது உயிரோடு இருப்பார். தேடிப் போங்கள். அதுவும் முடியாவிட்டால் உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு யானையின் பெயரையும் உங்கள் அப்பாவின் முழுப் பெயரையும் ஒரே தாளில், அடுத்தடுத்த வரியில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாளுக்காகக் காத்திருக்கும் ஓர் எழுத்தாளர்